மூன்று வாசல் நீளம்

பள்ளி டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி:
தலையில் பேன் உள்ளது. கவனிக்கவும்.
கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

கவனித்தேன்.
தலையணை உறைகளை அண்டாவில் வேகவைத்தேன்.
வீட்டிலிருந்த மூன்று சீப்பையும் அடுப்பில் போட்டேன்,
ராத்திரிவரை போகவில்லை பிளாஸ்டிக் நாற்றம்.
மெத்தையை இழுத்து மாடியில் ஏற்றினேன்;
ஏற்றியதும் மழை.
திருவட்டாறு மழைக்குச் சொல்லிவிட்டு வரும் வழக்கமில்லை.
வகுப்பாசிரியைக்கு இரண்டு முறை போன் செய்தேன்,
இரண்டாம் முறை அவள் எடுக்கவில்லை.
மதிலுக்கு அப்புறம் துணி எடுத்துக்கொண்டிருந்த
லில்லி புஷ்பத்திடம் கேட்டேன்:
'ஒங்க ஜெனிஷா தலைய என்னைக்காவது பாத்ததுண்டா?'
பதினோரு வருஷமாய் அந்த மதில்மேல்தான்
மரச்சீனியும் மீன்குழம்பும் போய்வந்தன.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், மெதுவாக.
மெதுவாகச் சாத்தினால்தான் நன்றாகக் கேட்கிறது.

பினு டெம்போவை நிறுத்திவிட்டு வந்தான்.
முற்றம் நிறைய வாளி. படியில் நனைந்த மெத்தை.
நடுவில் வேப்பெண்ணெய் வழியக் குந்தியிருக்கிற மகள்.
'ஈரப் பேனாக்கி
பேனப் பெருமாளாக்காத பிள்ளே' என்றான்.
'ஈரில்ல. பேனேதான். பாரு'
நகத்தில் வைத்து நீட்டினேன்.
எள்ளில் பாதி. கால்கள் இருந்தன.
அவன் கண்ணாடியைத் தேடப் போனான்.

வேறு ஊர்க்காரர்கள் இந்தச் சொல்லைச்
சொல்லிவிட்டுப் போய்விடலாம்.
எங்களுக்குப் பெருமாளின் நீளம் தெரியும்.
ஒரு வாசலில் முகம். நகர்ந்தால் அடுத்ததில் உடம்பு.
இன்னும் நகர்ந்தால்தான் பாதம்.
ஒரு பேன் அத்தனை நீளம் வளர
எத்தனை தலை வேண்டும்?

ஒன்று போதும்.
ஐந்தாம் வகுப்பு, காலை பிரேயர்.
சாக்பீஸ் கையால் என் பின்னலைத் தூக்கி
வரிசை வரிசையாகக் காட்டினாள் டீச்சர்.
அன்று மத்தியானம் பெஞ்சில் எனக்கு இரு பக்கமும்
ஓராள் உட்காரும் இடம் காலி.
அது முதல் வாசல்.
சாயங்காலம் அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன
குலசேகரம் சலூன், ஆண்பிள்ளைகள் உட்காரும் பலகை,
மடியில் விழுந்த முடி.
இன்று டைரியோடு நான் எங்கே நின்றிருந்தேன் என்று
பினுவுக்கு யார் சொல்வது.

ராத்திரி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு
ஹோம்வொர்க் எழுதினாள் மகள்.
இங்கிலீஷ் மரபுத்தொடர்:
ஏதோவொரு பிராணி மண்ணைத் தள்ளிச் சேர்த்த மேட்டை
மலையாக்குவதாம்.
பொருள் எழுதுக. சொந்த வாக்கியத்தில் அமைக்க.
'அது என்ன பிராணிம்மா?'
தெரியவில்லை. நம் பக்கம் இல்லாதது.
கரையான் புற்று தெரியும், பெருச்சாளி வளை தெரியும்.
மலை தெரியும்;
மழை விட்டால் அடுக்களை ஜன்னலிலேயே நிற்கும்.
அவள் பேனாவைக் கடித்தாள். என்னைப் பார்த்தாள்.
பிறகு இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

அவள் தூங்கியதும் நோட்டை எடுத்து
எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
வாக்கியத்தின் தொடக்கத்தில் 'என் அம்மா' இருந்தது.
அம்மாவை மட்டும் அடித்துவிட்டு
மேலே சின்னதாய் 'அப்பா' என்று எழுதியிருந்தாள்.

விடிந்ததும் மரச்சீனி வேகவைத்து
மிளகாய்ச் சம்மந்தியோடு மதில்மேல் வைத்தேன்.
மத்தியானம்வரை அப்படியே இருந்தது, ஈ மொய்க்க.
சாயங்காலம் பார்த்தால்
கழுவின கிண்ணம். அதற்குள்
ஒரு புதுப் பேன்சீப்பு, கடை அட்டையோடு.

குத்திக்காட்டுகிறாளா, கொடுத்திருக்கிறாளா?
இரண்டு வழியிலும் யோசித்துப் பார்த்தேன்.
மூன்றாவதாக ஒரு வழி தோன்றத் தொடங்கியபோது
எழுந்து மகளைக் கூப்பிட்டேன்,
வெளிச்சம் இருக்கும்போதே
தலை வாரிவிட.